நிலம் கேட்க வந்தவன்

டிங்.

போன வாரம் எங்கள் சமையலறையில் புதிதாக வாங்கி வைத்த ஊறுகாய் ஜாடி, யாரும் தொடாமலே, இப்படி ஒரு சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால் ஜாடி முழுசாகத்தான் இருந்தது. மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சில் மட்டும் மயிரிழை போல ஒரு கோடு. சூளையிலிருந்து வந்து எத்தனை நாள் ஆனாலும் சில பீங்கான்கள் இப்படித்தான், நினைத்துக்கொண்டாற்போல் ஒரு டிங்.

என் மனைவி மங்கை அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கி, "கனி பாய் வூடு," என்றாள். அவள் பேச்சில் எந்த ஊர் வாடையும் இருக்காது. 'வூடு' என்பது மட்டும் விருத்தாசலம் பக்கத்திலிருந்து அவள் கொண்டுவந்தது. அந்த ஒரு கோடையில் நாங்கள் அங்கிருந்து கொண்டுவந்த சாமான்களில் உடையாமல் இருப்பது அந்தச் சொல் ஒன்றுதான்.

மலை இல்லாத மலைவாசம்

சொந்தக் காசில் புத்தகம் போட்ட கதையைச் சில வாரங்களாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அச்சகத்தில் பிறர் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்த ஒருவன், தன் உரைநடைக் கவிதைகளைத் தானே அச்சடித்துத் தானே கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்த வரைக்கும் வந்திருக்கிறோம். கடைக்காரர்கள் எடுக்கவில்லை. "உரைநடையா, கவிதையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார், எந்த அலமாரின்னு நான் முடிவு பண்ணணும்ல," என்றார் ஒருவர். நியாயமான மனிதர்.

ஆகவே நானே புத்தகத்தோடு ஊர் ஊராகப் போவது என்று தீர்மானித்தேன். ஒவ்வோர் ஊரிலும் ஒரு வாத்தியாரையோ வாசகசாலைக்காரரையோ பிடித்து, பத்துப் பேரை உட்காரவைத்து வாசிப்பது. அதற்கு நடுவாந்தரமாக ஓர் ஊரில் தங்க வேண்டும். நாலு பக்கமும் ரயில் போகிற ஊராகப் பார்த்தால் விருத்தாசலம் சந்திப்பு.

அச்சக முதலாளியிடம் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டபோது, கோடைக்கு மலைக்குப் போகிறேன் என்றேன். பொய் இல்லை. விருத்தாசலம் என்றாலே பழைய மலைதான். ஊருக்குத் தமிழ்ப் பெயர் பழமலை, சாமிக்குப் பெயர் பழமலைநாதர். மலையைத்தான் காணோம். பூமிக்குள் அழுந்திவிட்டது என்று கோயிலில் சொன்னார்கள். எல்லா மலைக்கும் மூத்தது என்பதால் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டதாக நான் வைத்துக்கொண்டேன்.

சித்திரை மாதம். மணிமுத்தாற்றில் தண்ணீர் போன தடம் மட்டும் இருந்தது. வண்டியிலிருந்து இறங்கியதும் மங்கை கேட்டாள், "ஊட்டிக்குப் போறவங்கல்லாம் முட்டாளுங்களா?"

கோணல் வீடு

எங்களுக்கு வீடு கொடுத்தவர் கனி பாய். விருத்தாசலத்தில் பீங்கான் வியாபாரம். என் அச்சகத்துக்கு விலைப்பட்டியல் அச்சடிக்க வந்து பழக்கமானவர். கம்மாபுரம் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே அவருக்கு ஒரு ஓட்டு வீடு இருந்தது. வாடகை வேண்டாம் என்றார். "நம்ம சாமான் கொஞ்சம் கெடக்குது கவிஞரே. அதுங்களோட அனுசரிச்சுக்கிட்டா போதும்."

கொஞ்சம் என்றால் வீடு முழுக்க. சூளையில் கோணிப்போய் விற்க முடியாமல் போனதெல்லாம் அங்கேதான் அடைக்கலம். ஒரு பக்கமாகச் சாய்ந்த கோப்பைகள். மூடி சேராத ஜாடிகள். மூலையில் நாய்ப் பொம்மைகள் வரிசையாக, எல்லாவற்றுக்கும் மாறுகண். கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு நாய் என்னையும் இன்னொரு நாய் என்னைத் தாண்டி யாரையோவும் பார்த்தது.

கோப்பை கோணலாக இருந்தால் டீயை அதற்கேற்றபடி ஊற்ற வேண்டும். நாலைந்து நாளில் மங்கைக்குக் கை பழகிவிட்டது. சென்னைக்குத் திரும்பிய பிறகு நேரான கோப்பையில் அவள் ஊற்றிய டீ தரைக்குப் போனது.

வெயில் ஏற ஏறப் பீங்கான்கள் பேச ஆரம்பிக்கும். அங்கே ஒரு டிங். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு இங்கே ஒரு டிங். பகலெல்லாம் யாரோ எண்ணி எண்ணிச் சில்லறையைப் பீங்கான் தட்டில் போடுவது மாதிரி. நான் அதைக் கேட்டுக்கொண்டே பாயில் படுத்திருப்பேன். ஒரு கவிஞனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்றேன். ஒரு மின்விசிறி வேண்டும் என்றாள் மங்கை.

பக்கத்து வயல் கலியபெருமாளுடையது. ஐம்பது வயது, மல்லாட்டை விவசாயம். வேர்க்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்று பெயர். முதல் நாளே முறம் நிறைய அவித்து எடுத்துக்கொண்டு வந்து, "தம்பி, எது வேணும்னாலும் கேளுங்க," என்றார். அவருக்கு ஒரே மகள், அஞ்சலாட்சி. காலையில் பஸ் பிடித்து விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்குப் போய்ப் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். மாறுகண் நாய்களைப் பார்த்ததும், "இது நான் எழுதனது இல்ல அக்கா," என்று மங்கையிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆனியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திட்டக்குடி. பெண் பார்க்க வந்தபோது எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, அவன் மட்டும் அவள் எழுதிய ஒரு கிளிப் பொம்மையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தம்பியும் சாரும்

புத்தகத்தின் பெயர்: 'நிலம் கேட்கிறது'.

அதில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டு சொல்தான். உள்ளே இருப்பதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அந்தப் பெயர் மட்டும் ஒரு மழை நாளில் முழுசாக, ஈரத்தோடு வந்து விழுந்தது. நாம் நடப்பதை, அழுவதை, சண்டை போடுவதையெல்லாம் கீழே கிடக்கிற நிலம் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதுதான் பொருள்.

சுவரொட்டியைத் தன் செலவில் போடுகிறேன் என்றார் கனி பாய். விருத்தாசலத்தில் ஒரு அச்சகத்தில் கொடுத்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் புரூப்பைத் திருத்திய எனக்கு என் சுவரொட்டியின் புரூப்பைக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. தேர்தலுக்குச் செதுக்கிய மர எழுத்தில், இப்படி வந்தது:

நிலம் கேட்கிறது!
சென்னையிலிருந்து நேரில் வருகிறார்!
சுற்றுப்பயணம்: கம்மாபுரம், விருத்தாசலம், திட்டக்குடி

'உரைநடைக் கவிதைகள்' என்பதும் என் பெயரும் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் இருந்தன. ஆச்சரியக்குறிகள் அச்சுக்கோத்தவரின் அன்பளிப்பு. அழகாக இருக்கிறது என்று கனி பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒட்டிய மறுநாளிலிருந்து ஊரே எங்களைக் கொண்டாட ஆரம்பித்தது. ஒருவர் பூசணிக்காயோடு வந்தார். இன்னொருவர் ஒரு வெடைக்கோழியைக் காலைக் கட்டி வாசலில் விட்டுவிட்டு, "அந்தாண்ட வாய்க்கால் ஓரம் இருக்குதே, அது நம்மளுதுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நெய் வந்தது. பலாப்பழம் வந்தது. இலக்கியத்துக்கு இவ்வளவு மரியாதை சென்னையில் உண்டா என்று மங்கையிடம் கேட்டேன். அவள் கோழியைப் பார்த்தபடி, "எனக்கு என்னமோ சரியாப் படலீங்க," என்றாள்.

ஒன்று மட்டும் எனக்கே உறுத்தியது. கலியபெருமாள் என்னைத் தம்பி என்பதை விட்டுவிட்டார். இப்போது நான் சார். வரப்பில் எதிரே வந்தால் துண்டை இடுப்புக்கு இறக்கி ஒதுங்கி நின்றார்.

எனக்கு உட்கார்ந்து மனப்பாடம் வராது. நடக்க வேண்டும். ஆகவே தினமும் காலையில் கலியபெருமாளின் வரப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அடிமேல் அடி வைத்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தேன். நடு நடுவே குந்தி உட்கார்ந்து மண்ணில் காதை வைத்துப் பார்த்தேன். அந்த வரிக்கு அது தேவைப்பட்டது. தூரத்தில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நான் கையசைப்பேன். யாரும் திருப்பி அசைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அஞ்சலாட்சி நேராக அடுப்படிக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, அண்ணாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க நெலத்த மட்டும் ஆனிக்கு அப்பறம் எடுத்துக்கட்டும். கல்யாணம் ஆயிடட்டும்."

மங்கை அரிசி களைந்த கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கேள் என்கிற சொல்

சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. நெய்வேலிப் பக்கம் சுரங்கம் வந்து சில ஊர்கள் இடம் பெயர்ந்திருந்தன. அப்படிப் போனவர்கள் எல்லார் வீட்டுக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். அடுத்தது எந்த ஊர் என்பதுதான் டீக்கடையில் பேச்சு.

இந்த மொழியில் கேட்பது என்றால் காதால் கேட்பது. கேட்பது என்றால் கொடு என்று கேட்பதும்தான். பிச்சை கேட்கிறவனும் பாட்டுக் கேட்கிறவனும் ஒரே வினைச்சொல்லில் குடியிருக்கிறார்கள். அதோடு, யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். 'வரி கேட்கிறது', 'கணக்குக் கேட்கிறது' என்றால் சர்க்கார்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டும். என் காதில் நிலம் காது கொடுத்துக்கொண்டிருந்தது. ஊர் காதில் சர்க்கார் நிலம் கேட்டுக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து, நேரில், ஆச்சரியக்குறியோடு.

கலியபெருமாளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தகத்தைக் காட்டினேன். இது கவிதை, நான் அச்சகத்தில் வேலை செய்கிறேன், எனக்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்றேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றார். பிறகு கேட்டார், "கவித எழுதறவருக்கு வரப்புல இன்னா சார் அளவு?"

மாப்பிள்ளை வீட்டில் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்களாம், கல்யாணத்தைக் கொஞ்சம் பார்த்துச் செய்யலாம் என்று. ஒரே மகளுக்கு வரவேண்டிய நிலம். அது சுரங்கத்துக்குப் போகப்போகிறது என்றால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்? 'பார்க்கலாம்' என்கிற சொல்லில் எத்தனை கல்யாணம் நின்றிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சுவரொட்டியை எல்லாம் கிழித்துவிடுகிறேன் என்றேன். கிழித்தால், ரகசியமாக எடுக்கப் போகிறார்கள் என்று ஆகிவிடும் என்றார். அதுவும் சரிதான்.

"பேர மாத்திடுங்க சார்."

மாட்டேன் என்றேன். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் மீதிப் பக்கங்களை எழுதினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? திட்டக்குடிக்கு நானே வந்து சம்பந்தி வீட்டாரிடம் விளக்குகிறேன், அங்கே கூட்டம் வேறு இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன். அவர் போனதும் மங்கை என் பக்கமே திரும்பாமல் பேசினாள். "ஒரு பொண்ணு கண்ணக் கசக்கிக்கிட்டு நிக்கறா. உங்களுக்கு ரெண்டு வார்த்த பெருசாப் போச்சு. கல்வெட்டுலயா வெட்டியிருக்கு?"

இது எந்த சர்வே நம்பரு

திட்டக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம். விடுமுறை என்பதால் வகுப்பறையைத் திறந்து கொடுத்திருந்தார்கள். பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று வாத்தியார் பாய் போட்டிருந்தார்.

கலியபெருமாளோடு போய் இறங்கினால் பள்ளிக்கூட மைதானம் நிறைந்து கிடக்கிறது. வேப்பமரத்தடியெல்லாம் ஆட்கள். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கூட்டத்துக்கு நான் வாசித்ததில்லை. எல்லார் மடியிலும் சுருட்டிய காகிதம். புத்தகத்தில் கையெழுத்து வாங்கத்தான் காகிதம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்தேன். அவை பட்டா.

வாத்தியார் அவசர அவசரமாக அறிமுகம் செய்தார். நான் எழுந்து, வேறு வழி தெரியாமல், முதல் கவிதையை வாசித்தேன். ஒரு புளியமரத்தின் நிழல், மரம் போன பிறகும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வது பற்றியது. முடித்தேன். ஒரு பெரியவர் கையைத் தூக்கினார்.

"இது எந்த சர்வே நம்பருங்க?"

அது கற்பனை என்றேன். "மரம் போனப்பறம்னு படிச்சீங்களே. மரத்துக்குத் தனியாப் பணம் குடுப்பாங்களா, நெலத்தோடயே சேத்துக்குவாங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர்.

இரண்டாவது கவிதை வாய்க்கால் பற்றியது. அதை எடுத்திருக்கக் கூடாது. பாதி மைதானம் எழுந்து நின்றுவிட்டது.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து வைத்திலிங்கம் எழுந்தார். மாப்பிள்ளையின் அப்பா. வெள்ளைச் சட்டை, நிதானமான ஆள். மற்றவர்களைக் கையால் அமர்த்திவிட்டு என்னிடம் வந்தார்.

"நிலம் கேக்குதுன்னு போட்டிருக்கீங்க. யாருங்க கேக்குறது?"

"நிலம்தாங்க கேக்குது."

"நிலமே கேக்குதா?"

"ஆமாங்க."

"யார கேக்குது?"

"நம்மளத்தான்."

"சரி. எத கேக்குது?"

"நம்மகிட்ட இருக்கறது எல்லாத்தையும்," என்றேன். நம் பேச்சு, நம் நடை, நம் அழுகை என்று விரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மைதானம் இரைந்தது. கலியபெருமாள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வைத்திலிங்கம் மட்டும் இரையவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, அங்கங்கே புரட்டி, உதட்டை அசைத்து இரண்டு பக்கம் படித்தார். என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தில் கோபம் போய், ஒரு மாதிரி இரக்கம் இருந்தது.

"பாட்டு மாதிரி ஏதோ எழுதியிருக்கீங்க. அதுக்கு இன்னாத்துக்குங்க இப்பிடி ஒரு பேரு? நடுவுல பாட்டுன்னு ஒரு வார்த்த போடுங்க. நிலம் பாட்டு கேக்குது. சர்க்காரு காயிதத்துல பாட்டுன்னு எழுத மாட்டான். எங்க சனத்துக்குப் புரிஞ்சிடும்."

நிலம் பாட்டுக் கேட்கிறது. ரேடியோவைத் திருகிவிட்டுச் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருக்கிற ஒரு நிலம் எனக்குத் தெரிந்தது. என் நிலம் அப்படிப்பட்டதில்லை. அதற்குப் பாட்டே பிடிக்காது. மாட்டேன் என்று சொல்ல நிமிர்ந்தேன்.

கலியபெருமாள் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார்.

"போட்டுடலாங்க," என்றேன்.

ஒரு சொல்

புத்தகக் கட்டுகளையெல்லாம் கூடத்தில் அவிழ்த்தோம். அஞ்சலாட்சி பட்டறையிலிருந்து கண் எழுதுகிற தூரிகையும் கறுப்பு மையும் கொண்டுவந்தாள். விடுபட்ட சொல்லைச் சேர்க்கப் பிழை திருத்துகிறவர்கள் இடும் கூரைக் குறியை ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு சொல்லுக்கும் நடுவே நானே போட்டேன். அடுத்தவர் புத்தகங்களில் ஆயிரம் முறை போட்ட குறி. அதற்கு மேலே அவள் 'பாட்டு' என்று எழுதிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு 'பா'வும் முழித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவள் கை பழகியது கண்ணுக்குத்தானே.

"எழுத்து நல்லா வருதாண்ணா?" என்று கேட்டாள். நன்றாக வருகிறது என்றேன். நான் அட்டைகளை வெயிலில் காயப்போட்ட விதத்தைப் பார்த்து, துக்க வீட்டில் பாய் விரிக்கிறவன் மாதிரி இருக்கிறது என்றாள் மங்கை.

சுவரொட்டிகளிலும் கனி பாய் ஆள் விட்டு அந்தச் சொல்லை ஒட்டினார். வைத்திலிங்கம் சொன்னது பலித்தது. பூசணிக்காய் வருவது அன்றோடு நின்றது. கோழிக்காரர் வந்து, "தப்பா நெனச்சிக்காதீங்க," என்று கோழியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அதற்குள் அது மாறுகண் நாய்களுக்கு நடுவே முட்டையிடப் பழகியிருந்தது.

அதன் பிறகு போன ஊரிலெல்லாம் ஒரே தொல்லைதான். வாசிக்க ஆரம்பித்ததும், பாட்டு எப்போது என்று கேட்டார்கள். ஓர் ஊரில் மிருதங்கம் வாசிக்கிறவர் ஒருவர் சுருதி சேர்த்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவரை ஏமாற்ற மனம் வராமல் மங்கை எழுந்து ஒரு தாலாட்டுப் பாடினாள். என் சுற்றுப்பயணத்திலேயே கைதட்டல் வாங்கியது அதுதான்.

ஆனியில் கல்யாணம் நடந்தது. விருத்தாசலத்தில்தான், பழமலைநாதர் கோயிலில் தாலி. பந்தியில் என் பக்கத்து இலை வைத்திலிங்கத்துக்கு. எல்லாரிடமும் என்னை, "பாட்டுப் புஸ்தகம் போட்டாரே, அவருதான்," என்று அறிமுகம் செய்தார். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் திட்டக்குடி பஸ். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் முட்டி மோதி ஏறி, தகரப் பெட்டியும் பாத்திரங்களும் மேலே போய், கலியபெருமாள் யாரும் பார்க்காத மாதிரி பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். மாப்பிள்ளை கண்டக்டரோடு பேசிக்கொண்டிருந்தான். அஞ்சலாட்சி ஜன்னலோரம். மங்கை அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்லி முடித்ததும், அவள் என்னைக் கிட்டே வரச்சொல்லித் தலையாட்டினாள். இன்ஜின் சத்தத்தில் நான் கம்பியில் காதை வைக்க வேண்டியிருந்தது.

"ஒரே ஒரு புஸ்தகத்துல மட்டும் பாட்டுன்னு எழுதாம எடுத்துக்கிட்டேண்ணா. பொட்டியில சேலைக்கு அடியில இருக்குது. அது இல்லாமதான் நல்லா இருக்குது. மாமனாருக்குத் தெரிய வேணாம். போயிட்டு வரேன்."